திறைசேரியும் தேயிலைத் தொழிலாளியும்: ஓய்வூதிய விவாதம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அரசாங்க ஊழியர்க்கு வழங்கப்படும் ஓய்வூதியம் வரியிறுப்போர் தாங்கவியலாத சுமையாகிவிட்டதா என்னும் வினா, 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் இலங்கையில் உரத்து எழுப்பப்பட்டு வருகின்றது. ஓய்வூதியர் தொகை 6 இலட்சத்துக்கும் மேற்பட்டது. அவர்தம் சேவைக்காலத்தில் இதற்கெனத் தனிநிதி எதுவும் திரட்டப்படாமையால், ஆண்டுதோறும் அரசிறையினின்றே ஓய்வூதியம் வழங்கப்படுகின்றது. உழைக்கும் தலைமுறை ஓய்ந்த தலைமுறையைச் சுமக்கின்றது என்பர் ஒரு சாரார். ஓய்வூதியம் கொடையன்று, பிற்காலத்துக்கென நிறுத்திவைக்கப்பட்ட சம்பளமே என்பர் அரசாங்கத் துறைத் தொழிற்சங்கத்தார். இரு வாதங்களிலும் உண்மை உண்டு. ஆயின் இரு சாராரும் தத்தம் கணக்கில் சேர்க்க மறந்துவிடும் மக்கட் கூட்டம் ஒன்று உளது. நுவரெலியாவுக்குக் கிழக்கே, ஊவாவின் எல்லையை அடுத்துள்ள உடப்புசல்லாவை மலைச்சரிவுகளிலும் அவற்றையொத்த பிற மலைகளிலும் கொழுந்து பறித்தோர், 1975 முதல் 1992 வரை ஏறத்தாழ 17 ஆண்டுகள் அரசின் தொழிலாளராகவே இருந்தனர். தோட்டம் அரசினுடையது, தேயிலை அரசினுடையது, பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டவரும் அரச நிறுவனமொன்றின் ஊழியரே. அங்ஙனமிருந்தும் அரசாங்க ஓய்வூதியம் அவர்களை எட்டவில்லை. அவர்கள் நிற்கும் இடத்தில் நின்று இவ்விவாதத்தை நோக்குதல் பயனுடையது.

இலங்கையின் ஓய்வூதிய முறைக்கு அடித்தளமாக இன்றும் விளங்குவது 1901 ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பாகும். பிரித்தானியக் குடியேற்ற ஆட்சி தன் உத்தியோகத்தரைத் தன்னோடு பிணைத்து வைத்தற்கு வகுத்த ஏற்பாடு இது. இதன் முதற் பிரிவு, ஓய்வூதியம் பெறுதற்கு அரசாங்க சேவையாளர்க்கு முழுமையான உரிமை யாதும் இல்லை என்றே தொடங்குகின்றது. உரிமையாக அன்றி, நன்னடத்தைக்குரிய சன்மானமாகவே அது முதலிற் கருதப்பட்டது. இதே காலத்தில் பிரித்தானியாவிலோ நிலைமை வேறு திசையில் நகர்ந்தது. 1908 ஆம் ஆண்டுச் சட்டப்படி, 70 வயதைக் கடந்த வறியோர் வாரந்தோறும் 5 சிலிங் வரை பெறலாயினர். அவர்கள் எந்த நிதிக்கும் சந்தா செலுத்தியவர்கள் அல்லர், முழுப்பணமும் வரிப்பணமே. அந்நாட்டுத் திறைசேரியின் வருவாய்களுள் தேயிலை மீதான இறக்குமதித் தீர்வையும் ஒன்றாயிருந்தமை ஈண்டுக் கருதத்தக்கது. தேநீர் அருந்திய முதியவருக்கு அரசு படியளந்தது. அத்தேயிலையைப் பறித்த முதியவளுக்கு இங்குப் படியளக்க எவருமிலர்.

1903, 1904 ஆம் ஆண்டுகளில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒடுங்கிய பாதைப் புகையிரதம் திறக்கப்பட்டது. உடப்புசல்லாவைப் பாதை என்று அது பெயர் பெற்றதாயினும் தண்டவாளம் உடப்புசல்லாவையை அடையாது இராகலையோடு நின்றுவிட்டது. தேயிலைப் பெட்டிகளை இறக்குவதே அதன் தலையாய தொழில். 1940களில் அப்பாதை கைவிடப்பட்டது. அப்பாதையில் நிலையான பதவி வகித்த உத்தியோகத்தர் ஓய்வூதிய விதிகளுக்கு உட்பட்டவராயினர். பாதையின் இருமருங்கும் நின்று அவ்வண்டிக்குச் சுமை தந்தவர்களோ, உடல் தளர்ந்ததும் செக்ரோலில் பெயர் வெட்டப்பட்டனர். லயத்து அறை உழைப்போடு கட்டப்பட்டதாகையால், மகனோ மகளோ தோட்டத்திற் பேர் பதிந்திருந்தாலன்றி முதியோர்க்கு ஒதுங்க இடமில்லை. ஆகவே தோட்டத்தில் முதுமைக் காப்பென்பது அடுத்த தலைமுறையையும் அதே தொழிலில் ஈடு வைப்பதாகவே அமைந்தது.

இந்நிலையில் முதல் மாற்றத்தைக் கொணர்ந்தது 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டமாகும். தொழில் அமைச்சர் ரி. பி. இலங்கரத்தின காலத்தில் நிறைவேறிய இச்சட்டம், தொழிலாளியும் தொழில்கொள்வோரும் மாதந்தோறும் செலுத்தும் பணத்தைத் தனிக்கணக்கிற் சேர்த்து, ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் மொத்தமாகத் திருப்பித் தந்தது. இன்று தொழிலாளி 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் செலுத்துகின்றனர். தோட்ட மக்கள் இதனை எவ்வளவு பெரிதாகக் கருதினர் என்பதற்கு 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமே சான்று. 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கிய அவ்வொப்பந்தம், அவர்கள் தம் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் உடன்கொண்டு செல்லலாம் என வெளிப்படையாகவே கூறுகின்றது. இரு நாடுகளின் தலைவர்கள் கைச்சாத்திட்ட உடன்படிக்கையொன்றில் கொழுந்து பறிப்போரின் முதுமைக்காசு இடம்பெற்றமை அரிய நிகழ்ச்சியே. நாடற்றவர்க்கு நாடெனப் பற்றிக்கொள்ள வேறொன்றும் இல்லாத நிலையில் அக்காசு மட்டும் அவர்களுடையதாயிருந்தது.

1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலவுடைமைக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975 ஆம் ஆண்டின் திருத்தம் ஸ்டேர்லிங், ரூபாய்க் கம்பனிகளின் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. காலப்போக்கில் மலையகத் தோட்டங்கள் பெரும்பாலும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் ஜனவசம என மக்கள் வழங்கிய தோட்ட அபிவிருத்திச் சபைக்கும் பகிரப்பட்டன. துரை மாறினார், பங்களா மாறவில்லை. முதலாளி அரசாயினும் தொழிலாளி அரசாங்க ஊழியராகவில்லை. சட்டத்தின் நோக்கில் இதற்கு விளக்கம் உண்டு. கூட்டுத்தாபனம் என்பது அரசினின்றும் வேறான சட்ட ஆள். அதன் ஊழியர் பொதுவாகச் சேமலாப நிதியின்கீழேயே வருவர். இவ்விளக்கத்தை நாம் தள்ளிவிட வேண்டுவதில்லை. ஆயின் அது முழுமையான விளக்கமன்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்க்கு அரசாங்க சேவையின் வாயில் அடைக்கப்பட்டே இருந்தது. எனவே ஓய்வூதியத்தைக் கேட்கும் தகுதி தமக்குண்டு என எண்ணுதற்கும் அவர்க்கு இடமில்லாது போயிற்று. இதே ஆண்டுகளில் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தாற் பொறுப்பேற்கப்பட்டன. அவற்றின் ஆசிரியர் ஓய்வூதியத்துக்கு உரியவராயினர். தாய் மலையிலும் மகன் பள்ளியிலுமாக ஒரே லயத்திலிருந்து இருவர் அரசுக்கு உழைத்தபோது, மகனுக்கு மட்டுமே முதுமையில் மாதப்பணம் என்றாயிற்று.

தொழிற்சங்கங்களின் பங்கு யாது? நகரத்து அரசாங்க ஊழியர் தம் சங்க உரிமைக்குக் கொடுத்த விலை சிறிதன்று. 1947 ஆம் ஆண்டு ஜூன் 5 ஆம் நாள், வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த கந்தசாமி ஓர் அரசாங்க எழுதுவினைஞரே. மலையகத்திலோ அதற்கு 7 ஆண்டுகள் முன்னரே, 1940 ஜனவரியில், முல்லோயா தோட்டத்திற் கோவிந்தன் சுடப்பட்டிருந்தார். இவ்விரு நீரோட்டங்களும் ஒன்றாகக் கலந்திருக்குமாயின் வரலாறு வேறாகியிருக்கும் என்றே எமக்குத் தோன்றுகின்றது. அவை கலக்கவில்லை. 1980 ஜூலையில் அரசாங்க, கூட்டுத்தாபன ஊழியர் 300 ரூபா சம்பள உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தபோது, 40,000 க்கும் மேற்பட்டோர் பதவியைத் துறந்தவர்களாகக் கணிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டனர். ஒரே கையெழுத்தில் சம்பளமும் முதுமைக் காப்பும் சேர்ந்தே போயின. 1901 இன் முதற் பிரிவு எத்துணைக் கூர்மையானது என்பது அப்போது விளங்கிற்று. 1978 முதல் அமைச்சரவையில் அமர்ந்திருந்த சௌ. தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அப்போராட்டத்திற் சேரவில்லை.

4 ஆண்டுகளின் பின் மலையகம் தன் வலிமையைத் தனியாகவே காட்டியது. 1984 ஏப்ரலில் தோட்டத் தொழிலாளர் ஒருசேர வேலைநிறுத்தம் செய்தனர். அரசே முதலாளி, வேலைநிறுத்தத்தின் தலைவரோ அவ்வரசின் அமைச்சர். உலகத் தொழிற்சங்க வரலாற்றில் இத்தகைய காட்சி அடிக்கடி காணக்கிடைப்பதன்று! தேயிலை விலை உலகச் சந்தையில் உச்சத்திலிருந்த காலமாகையால் அரசால் நெடுநாள் பொறுக்க முடியவில்லை. சம்பளம் உயர்ந்தது, அதனினும் பெரிதாக, பெண்ணுக்கும் ஆணுக்கும் சமசம்பளம் என்னும் விதி வென்றெடுக்கப்பட்டது. கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்களே என்பதை நினைவிற்கொள்ளின், இதனை மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் தலைசிறந்த வெற்றி என்று கூறுதல் மிகையன்று. எனினும் சம்பளத்தின் பேரால் மூண்டது போன்ற பெரும் போராட்டம் ஓய்வூதியத்தின் பேரால் ஒருபோதும் மூளவில்லை. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் புதிதாக வந்திருந்தமை இதற்கு ஒரு காரணமாகலாம். 5 ஆண்டுகளேனும் பணிபுரிந்த நாட்சம்பளத் தொழிலாளி, சேவையாண்டு ஒன்றுக்கு 14 நாட் சம்பளம் பெறுவார் என அது விதித்தது. தோட்டத்தில் இதற்குச் சர்வீஸ் காசு என்று பெயர். 1980 ஆம் ஆண்டின் சட்டத்தால் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் இதனோடு சேர்ந்தது. மொத்தமாகக் கையில் விழும் பணம், மாதந்தோறும் வரும் சிறு பணத்தினும் கவர்ச்சியுடையது. கடனும் கலியாணமும் காத்திருக்கும் வீட்டில் அது விரைவிற் கரைவதும் இயல்பே.

இனி, வரியிறுப்போர் பற்றிய வாதத்துக்கு வருவோம். 1980களின் இறுதியில் அரச தோட்டங்கள் பெருநட்டமடைந்தன என்பதும், திறைசேரி அவற்றைத் தாங்கிப் பிடிக்க நேர்ந்தது என்பதும் மெய்யே. வரியிறுப்போரின் பணம் மலையிற் கொட்டப்படுகின்றது என்ற குரல் அப்போதே எழுந்தது. இக்குரலெழுப்பியோர் கணக்கேட்டின் மறுபக்கத்தைப் புரட்டவில்லை. பல பத்தாண்டுகளாகத் தேயிலை மீதான ஏற்றுமதித் தீர்வை அரசிறையின் பெருந்தூண்களுள் ஒன்றாக இருந்தது. 1977 நவம்பரில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது ஏற்றுமதியாளர்க்குக் கிடைத்திருக்க வேண்டிய ஆதாயத்தின் பெரும்பகுதியும் தீர்வையாகவே அறவிடப்பட்டது. இலவசக் கல்விக்கும், அரிசி மானியத்துக்கும், அரசாங்க உத்தியோகத்தரின் ஓய்வூதியத்துக்கும் சென்ற பணத்தில் உடப்புசல்லாவையின் கொழுந்தும் கலந்திருந்தது. வருமானவரிப் பத்திரம் ஒன்றையும் கண்டறியாத பெண் தொழிலாளி, உண்மையில் நாட்டின் பெரிய வரியிறுப்போருள் ஒருத்தி. 1987 ஆம் ஆண்டு விவசாயிகளுக்கெனத் தனி ஓய்வூதியத் திட்டம் சட்டமாயிற்று. தோட்டத் தொழிலாளிக்கு அத்தகைய திட்டம் வகுக்கப்படவில்லை.

1992 ஜூனில் தோட்டங்களின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று உடப்புசல்லாவையின் பெயரையே தாங்கியது. பின்னர் பங்குகள் விற்கப்பட்டபோது 10 வீதம் தொழிலாளர்க்கு இலவசமாகப் பகிரப்பட்டது. பங்குப்பத்திரம் கிழவிக்குச் சோறிடுமா என்பது வேறு வினா. அரசு முதலாளியாயிருந்த காலம் இவ்வாறு முடிவுற்றதும், ஓய்வூதியம் கேட்டிருக்கக்கூடிய கதவும் சாத்தப்பட்டது. அதன்பின் வந்த கூட்டு ஒப்பந்தங்களிற் சங்கங்கள் நாட்சம்பளத்தின் மொத்தத் தொகையையே முழங்கின. அடிப்படைச் சம்பளம் பின்தள்ளப்பட்டது. 2016 ஒக்டோபர் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 730 ரூபா என அறிவிக்கப்பட்டதில் அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே. எஞ்சியவை வரவுக்கும் உற்பத்திக்கும் விலைக்கும் உரிய படிகள். சேமலாப நிதி அடிப்படைச் சம்பளத்தின் மீதே கணிக்கப்பட்டமையால், நாளொன்றுக்கு இருசாரார் பங்குமாகச் சேர்ந்தது 100 ரூபா. முழுத்தொகைக்கும் கணித்திருப்பின் 146 ரூபா சேர்ந்திருக்கும். 30 ஆண்டுச் சேவைக்குரிய பணிக்கொடையும் 306,600 ரூபாவுக்குப் பதில் 210,000 ரூபாவாகச் சுருங்கும். மேசையிற் கைச்சாத்திட்டவர்கள் இக்கூட்டல் கழித்தலை அறியாதவர்கள் அல்லர்.

கிடைக்க வேண்டியதும் எளிதிற் கிடைப்பதில்லை. செக்ரோலில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயருமாக, எழுதியவரின் காதுக்கேற்பப் பெயர்கள் திரிந்து கிடக்கின்றன. அதனைச் சீர்செய்யச் சத்தியக் கடதாசியோடு அலுவலகம் அலுவலகமாக அலைவதே பலருக்கு ஓய்வுக்காலத் தொழில். தனியாரிடம் கையளிக்கப்படாது அரச நிறுவனங்களிடமே எஞ்சிய கண்டி, மாத்தளைத் தோட்டங்களின் கதை இன்னும் கசப்பானது. அங்கு ஓய்வுபெற்றோரின் சேமலாப நிதியும் பணிக்கொடையும் ஆண்டுக்கணக்கில் நிலுவையாகக் கிடந்தன. தனியார் முதலாளி செலுத்தத் தவறின் வழக்குத் தொடரும் அரசே அங்குக் கடனாளியாக நின்றது.

2011 இல் தனியார் துறைத் தொழிலாளர்க்கு ஓய்வூதியம் வழங்குவதற்கெனச் சட்டமூலம் ஒன்று கொணரப்பட்டது. ஓய்வூதியமற்றோர் அதனை வரவேற்றிருக்க வேண்டும் அன்றோ? அவர்கள் எதிர்த்தனர். தம் சம்பளத்திற் பிடிக்கும் பணம் தமக்குத் திரும்பி வரும் என்னும் நம்பிக்கை அவர்களிடம் இல்லை. மே 30 ஆம் நாள் கட்டுநாயக்காவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் றொஷேன் சானக்க என்னும் இளந்தொழிலாளி படுகாயமுற்று இறந்தார், சட்டமூலம் மீளப்பெறப்பட்டது. அவநம்பிக்கைக்குக் காரணம் இருந்தது என்பதை 2023 காட்டிற்று. ஊழியர் சேமலாப நிதியின் பெரும்பகுதி திறைசேரி முறிகளிலேயே இடப்பட்டுள்ளது. அதாவது தொழிலாளி அரசுக்குக் கடன் கொடுத்தவர். உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது வங்கிகள் வைத்திருந்த முறிகள் விலக்களிக்கப்பட்டன. சேமலாப நிதியோ தன் முறிகளை, 2025 வரை 12 வீதமும் அதன்பின் 9 வீதமும் வட்டி தரும் புதிய முறிகளாக மாற்றிக்கொண்டது. மாற்ற மறுத்தால் அந்நிதியின் வருமானத்தின் மீதான வரி 14 வீதத்தினின்று 30 வீதமாக உயரும் என விதிக்கப்பட்டிருந்தது. அரசாங்க ஓய்வூதியங்களை இம்மறுசீரமைப்பு தொடவில்லை. தொட வேண்டும் என்பதும் எமது வாதமன்று. ஆயின் வங்குரோத்தடைந்த திறைசேரிக்குத் தன் முதுமைக்காசின் வட்டியை விட்டுக்கொடுத்தோர் பட்டியலில், இராகலைக்கும் உடப்புசல்லாவைக்கும் இடைப்பட்ட மலைகளில் அன்று காலையும் கூடை சுமந்து சென்றவர்கள் இருந்தனர்.