தடைசெய்யப்பட்ட மலையில் தோண்டலாமா?



சென்ற பள்ளி விடுமுறையில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களோடு ஜொகூர் கடற்பாலம் கடந்து சிங்கப்பூருக்குக் கல்விச் சுற்றுலா சென்றிருந்தோம். ஃபோர்ட் கெனிங் பூங்காவில், 1928ஆம் ஆண்டு அம்மலையில் தங்கம் கிடைத்த வரலாற்றைச் சொல்லி முடித்தேன். உடனே ஒரு மாணவன், "ஐயா, அப்பா மெட்டல் டிடெக்டர் வாங்கி வைத்திருக்கிறார். அடுத்த முறை கொண்டு வரலாமா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தனர். உடன் வந்திருந்த அவனுடைய தந்தை மட்டும் சிரிக்கவில்லை.

"பொதுப் பூங்காவில் அனுமதியின்றித் தோண்டக் கூடாதப்பா, சட்டம் இருக்கிறது" என்றேன். நம் நாட்டிலும் தொல்பொருள் தேடித் தோண்டுவதற்கு உரிமம் வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம். சரியான விடைதான். ஆயினும், பேருந்தில் திரும்பும்போது அத்தந்தை என் அருகில் அமர்ந்து கேட்டார்: "சார், ஒரு கைப்பிடி மண்ணைக் கிளறி ஒரு காசை எடுத்தால் யாருக்கு என்ன நட்டம்? மண்ணுக்குள் கிடந்து வீணாகத்தானே போகிறது?" நேர்மையான கேள்வி. அன்று எனக்குக் கோவையாக விடை சொல்ல வரவில்லை. பெற்றோரும் ஆசிரியர்களும் படிக்கும் இப்பதிவில் அதைச் சொல்ல முயல்கிறேன்.

அம்மலைக்கு மலாயில் 'புக்கிட் லாராங்கான்' என்று பெயர். தடைசெய்யப்பட்ட மலை என்று பொருள். பண்டைய அரசர்கள் அங்கே வாழ்ந்தனர் என்பது மலாய் மக்களின் வழிவழி நம்பிக்கை. 1822இல் அங்குச் சென்ற ஜான் கிராஃபர்ட், செங்கல் அடித்தளங்களையும் மட்பாண்டச் சில்லுகளையும் சீனச் செப்புக்காசுகளையும் கண்டு எழுதி வைத்தார். அவர் எழுதி வைத்தது நம் நல்லூழ். பின்னர் 1859 முதல் 1861 வரை ஆங்கிலேயர் கோட்டை கட்டியபோது மலையுச்சியைச் சமன்படுத்தினர். அதில் எவ்வளவு அழிந்தது என்பதை இனி யாராலும் கணக்கிட இயலாது.

1928இல் நீர்த்தேக்கம் அமைக்க மண்ணை வெட்டிய தொழிலாளர்களுக்குத் தங்க அணிகலன்கள் கிடைத்தன. மோதிரங்கள், காதணிகள், நம் கோயில் கீர்த்திமுகத்தை ஒத்த முகம் பொறித்த தோள்வளை ஆகியவை அவற்றுள் அடங்கும். சாவக வேலைப்பாடு என்றும், 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்றும் அறிஞர்கள் கூறுகின்றனர். இவற்றை அணிந்தவர் யார்? ஏன் அங்கே புதைந்தன? அருகில் வேறு என்ன கிடந்தது? விடை இல்லை. அன்று நடந்தது அகழாய்வு அன்று, நீர்த்தேக்க வேலை. அணிகலன்களுள் பலவும் பின்னர் சப்பானியர் ஆட்சிக் காலத்தில் காணாமற்போயின. தோள்வளையைத் தேசிய அரும்பொருளகத்தில் காணலாம்.

1984இல்தான் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் அங்கே முதன்முறையாக முறையான அகழாய்வு செய்தார். அவருக்குத் தங்கப் புதையல் கிடைக்கவில்லை. பீங்கான் சில்லுகளும் மட்பாண்ட ஓடுகளும் கண்ணாடி மணிகளும் கலையாத மண்ணடுக்கில் கிடைத்தன. ராஃபிள்ஸ் வந்த 1819க்கு முன் சிங்கப்பூர் வெறும் மீனவர் சிற்றூர் என்ற எண்ணத்தை அசைத்தவை இந்தச் சில்லுகளே. 14ஆம் நூற்றாண்டிலேயே அங்கே சீனத்தோடு வாணிகம் செய்த ஊர் ஒன்று இருந்தது என்பதற்கு அவை சான்றாயின.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உலோகம் கண்டறியும் கருவி காந்தப்புலத்தை மண்ணுக்குள் செலுத்தி, அதனால் உலோகத்தில் எழும் மின்னோட்டத்தை உணர்ந்து ஒலி எழுப்புகிறது. பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் அது வாய் திறக்காது. அக்கருவியை நம்பி அம்மலைக்குச் செல்பவர் வரலாற்றை மாற்றிய பொருள்களை மிதித்துக்கொண்டே நடந்து போவார்!

சரி, காசு கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கலாம். ஆனால் சீனத்துச் சோங் காலக் காசுகள் இப்பகுதியில் 14ஆம் நூற்றாண்டிலும் கைமாறிக்கொண்டிருந்தன. 11ஆம் நூற்றாண்டுக் காசு ஒன்றைத் தனியே பிடுங்கி எடுத்தால், அவ்விடத்தின் காலத்தை 300 ஆண்டு தவறாகக் கணிக்க நேரிடும். பக்கத்தில் கிடக்கும் பீங்கான் ஓடுதான் அதைத் திருத்தும். அந்த ஓட்டை நாம் கிளறிக் கலைத்திருப்போம்.

இதை வகுப்பில் எப்படி விளக்குவது? பழைய மீன்தொட்டி ஒன்றில் வெண்மணல், செம்மண், கருமண் என அடுக்கினேன். செம்மண்ணில் 1967ஆம் ஆண்டின் ஐம்பது சென் நாணயத்தையும், அதையொட்டிக் கைப்பேசிச் சிம் அட்டையையும் புதைத்தேன். முதற்குழு நாணயத்தை மட்டும் எடுத்து, "1967ஆம் ஆண்டு மண், ஐயா" என்றது. இரண்டாம் குழு கரண்டியால் மெல்லச் சுரண்டிச் சிம் அட்டையைக் கண்டது. பிறகு வகுப்பில் எழுந்த சண்டையைத் தலைமையாசிரியரே வந்து பார்த்தார்.

கேள்வி கேட்ட அம்மாணவன் இரண்டாம் குழுவில் இருந்தான். வீட்டிலும் சொல்லியிருக்கிறான் போலும். சென்ற வாரம் அவன் தந்தை அழைத்தார். பாட்டி வீட்டுத் தோட்டத்தில் தொலைந்த தோட்டுத் திருகாணியைக் கருவி கொண்டு தேடினார்களாம். கிடைத்தது சார்டின் டின் மூடி.