வந்தவங்களுக்கு ஒரு தட்டு: கிறிஸ்துமஸ் பலகாரம் நம்ம அடுப்புக்கு வந்த வரலாறு



டிசம்பர் பாதி தாண்டினதும் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி பக்கம் கிறிஸ்தவ வீடுகள் இருக்கிற தெருவுல நடந்து பாருங்க. எண்ணெய்ச் சட்டி வாசனையே பண்டிகை வந்துட்டுதுன்னு சொல்லிடும். அச்சு முறுக்கு, கலகலா, முந்திரிக்கொத்து, அதிரசம், கேக் என்று டின் டின்னாக நிறையும். பண்டிகை அன்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் நீட்டுவது இந்தத் தட்டுதான். அது பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்துக்கும், எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கும் போகும். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அந்த வீடுகளிலிருந்து தட்டு இங்கே வரும்.

இந்தப் பலகாரமெல்லாம் எங்கிருந்து வந்தது? யார் கொண்டு வந்தார்கள்? நம்ம அடுப்புல அது எப்படி மாறியது? நம் கூட்டமைப்பு மலரில் இந்தக் கதை இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் இது பெரும்பாலும் பெண்கள் செய்த வரலாறு.

முதலில் "குக்கீஸ்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இது ஆங்கிலச் சொல் என்று நினைக்கிறோம். இது டச்சுக்காரர்களின் "கூக்யே" என்ற சொல்லிலிருந்து வந்தது. சின்ன கேக் என்று அதற்குப் பொருள். இன்றைய நியூயார்க் நகரம் 1664 வரை டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அங்கே குடியேறிய டச்சுக் குடும்பங்களின் பேச்சிலிருந்து அமெரிக்க ஆங்கிலத்துக்குள் அந்தச் சொல் நுழைந்தது.

அதே டச்சுக்காரர்கள் 1658-க்குள் தூத்துக்குடியையும் இலங்கையின் கடற்கரை ஊர்களையும் போர்ச்சுக்கீசியர்களிடமிருந்து பிடித்தார்கள். இலங்கையில் 1796 வரை இருந்தார்கள். அங்கே சிங்கள வீடுகளில் சித்திரைப் புத்தாண்டுக்கு "கொக்கிஸ்" என்று ஒரு பலகாரம் செய்வார்கள். அரிசி மாவு, தேங்காய்ப் பால் கலந்து, அச்சை முக்கி, எண்ணெயில் பொரிப்பது. நம்ம அச்சு முறுக்கின் கூடப்பிறந்த அக்கான்னே சொல்லலாம். கொக்கிஸ் என்ற பெயரும் அந்த "கூக்யே" என்ற சொல்லிலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள். அமெரிக்காவுல குக்கீஸ், இலங்கையில கொக்கிஸ். ஒரே தாய்க்குப் பிறந்த ரெண்டு பிள்ளைங்க மாதிரி!

ஐரோப்பாவில் ஸ்வீடன் நாட்டு வீடுகளிலும் கிறிஸ்துமஸுக்கு இரும்பு அச்சை மாவில் முக்கிப் பொரிக்கிற வழக்கம் இருக்கிறது. அங்கே கோதுமை மாவும் பாலும் சேர்ப்பார்கள். நம் பக்கம் வந்ததும் அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் அந்த இடத்துக்கு வந்தன. சிலர் முட்டை சேர்ப்பார்கள், எள்ளு போடுவார்கள். கேரளாவில் இதுவே அச்சப்பம், ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் ரோஸ் குக்கீஸ். இன்றைக்கு டீக்கடை பாட்டிலிலும் அச்சு முறுக்கு இருக்கிறது. எந்த மதத்துப் பண்டிகைப் பண்டம் என்று கேட்டு யாரும் வாங்குவதில்லை.

செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இதில் எவ்வளவு கைப்பக்குவம் என்று. புது அச்சை உடனே பயன்படுத்த முடியாது. கஞ்சித் தண்ணியில் ஊறப்போட்டு, பிறகு எண்ணெயில் போட்டுப் பழக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அச்சு எண்ணெயில் நன்றாகச் சூடேற வேண்டும். மாவில் முக்கால் பாகம்தான் முக்கணும். மேல் விளிம்பு வரைக்கும் முக்கிட்டா மாவு அச்சைப் பிடிச்சுக்கிட்டு விடவே விடாது. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்து வந்ததல்ல. மாமியார் மருமகளுக்குச் சொன்னது, அக்கா தங்கச்சிக்குக் காட்டினது.

அடுத்து மசாலா கதை. ஐரோப்பிய வீடுகளில் கிறிஸ்துமஸ் பிஸ்கட், கேக் என்றால் இஞ்சி, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், ஏலக்காய் வாசனை இருக்கும். குளிர் நாட்டில் இவை எதுவும் விளையாது. பட்டை இலங்கையிலிருந்தும், ஏலக்காயும் சுக்கும் கேரளக் கரையிலிருந்தும், கிராம்பும் ஜாதிக்காயும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் போனவை. பல நூறு வருஷம் இவை பணக்காரர் வீட்டுப் பொருளாகவே இருந்தன. அதனால்தான் பெரிய பண்டிகைக்கு மட்டும் எடுத்துப் போட்டார்கள். இந்த மசாலாவைத் தேடித்தான் 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோடு பக்கம் கப்பலில் வந்து இறங்கினார். அவர்கள் நாட்டுப் பலகாரம் நமக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே நம்ம பக்கத்து வாசனை அவங்க அடுப்புக்குப் போயிருச்சு.

போர்ச்சுக்கீசியர்கள் கொண்டு வந்ததில் முக்கியமானது முந்திரி. பிரேசில் நாட்டு மரம் அது. மலையாளத்தில் அதற்குப் "பறங்கிமாவு" என்று ஒரு பெயர் உண்டு. பறங்கியர் கொண்டு வந்த மாமரம் என்று அர்த்தம். முந்திரி என்ற சொல் முதலில் திராட்சையைக் குறித்தது. திராட்சையைக் கொடிமுந்திரி என்று சொல்லுகிற பழக்கம் அதனால் வந்தது. நாகர்கோவில் பக்கத்து முந்திரிக்கொத்தில் ஒரு முந்திரிப்பருப்புகூட இருக்காது. வறுத்த பாசிப்பயறு மாவையும் வெல்லப்பாகையும் உருட்டி, அரிசி மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். மூன்று நான்கு உருண்டைகள் ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்து மாதிரி வரும்.

முந்திரிப்பருப்பு முழுசாக ஆட்சி செய்கிற பண்டம் தூத்துக்குடி மக்ரூன். ஐரோப்பாவில் மக்ரூனைப் பாதாம் பருப்பில் செய்வார்கள். முத்துக்குளித்துறைக்குப் போர்ச்சுக்கீசியர் வந்து, 1530-களில் பரதவ மக்கள் ஆயிரக்கணக்கில் கத்தோலிக்கர் ஆனார்கள். அந்தத் தொடர்பு உள்ள ஊர் தூத்துக்குடி. இங்கே பாதாமுக்குப் பதில் முந்திரி வந்தது. முட்டையின் வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து, சீனி சேர்த்து, பொடித்த முந்திரியைக் கலந்து, கூம்பு மாதிரி வைத்து, மிதமான சூட்டில் நெடுநேரம் வேகவிடுவார்கள். வேகவிடுகிறார்கள் என்பதைவிட உலர்த்துகிறார்கள் என்பதுதான் சரி. வாயில் போட்டால் கரையும். ஈரக்காத்து பட்டா பிசுபிசுன்னு ஆயிடும். அதனால காத்துப் புகாத டப்பாவுலதான் வைக்கணும்.

கேக் கதைக்குக் கேரளாவின் தலச்சேரிக்குப் போக வேண்டும். மாம்பள்ளி பாப்பு என்பவர் பர்மாவில் பிஸ்கட் செய்யக் கற்றுக்கொண்டு, 1880-ல் தலச்சேரியில் ராயல் பிஸ்கட் ஃபேக்டரியைத் தொடங்கினார். 1883-ல் அஞ்சரக்கண்டித் தோட்டத்து வெள்ளைக்காரர் மர்டாக் பிரவுன் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பிளம் கேக்கைக் கொடுத்து, "இதே மாதிரி கிறிஸ்துமஸுக்குச் செய்து தர முடியுமா?" என்று கேட்டாராம். அதில் பிரெஞ்சு பிராந்தி சேர்க்க வேண்டும். பாப்பு அதற்குப் பதில் முந்திரிப்பழமும் வாழைப்பழமும் போட்டு உள்ளூரில் வடித்த சாராயத்தைச் சேர்த்தார் என்று சொல்வார்கள். துரைக்கு ரொம்பப் பிடித்துப்போய் மேலும் கேக் கேட்டாராம். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று இதைத்தான் இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள்.

கடையில் அடுமனை இருந்தது. வீட்டில் ஓவன் ஏது? அதற்கும் பெண்கள் வழி கண்டுபிடித்தார்கள். கனமான பாத்திரத்தில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, அதற்குள் கேக் பாத்திரத்தை இறக்கி மூடி வைப்பார்கள். இல்லையென்றால் கீழே கங்கு, மூடி மேலே கங்கு. இரண்டு பக்கமும் சமமாகச் சூடு போக வேண்டும். மேல் கங்கு அதிகமானால் கேக் கருகும், குறைந்தால் நடுவில் மாவாக நிற்கும். பாத்திரத்தைத் திறக்காமல் வாசனையை வைத்தே வெந்துவிட்டதா என்று சொல்லத் தெரிய வேண்டும்.

இந்த வேலையைச் சுலபமாக்கியது பேக்கிங் பவுடர். 1843-ல் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் பேர்டு என்ற மருந்துக் கடைக்காரர் அதைக் கண்டுபிடித்தார். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. மனைவியும் பிரெட் சாப்பிட வேண்டுமே என்று செய்த முயற்சி அது. அதனால் மாவைப் பொங்கவிட்டுக் காத்துக்கிடக்க வேண்டிய வேலை உலகமெங்கும் வீட்டுப் பெண்களுக்குக் குறைந்தது.

இலங்கையில் கிறிஸ்துமஸ் கேக்கில் மைதாவுக்குப் பதில் ரவை போடுவார்கள். முந்திரியும், நீற்றுப்பூசணியைப் பாகில் போட்டு எடுத்த இனிப்பும் சேரும். அந்தக் கேக்கைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி வைப்பார்கள். வருகிற விருந்தாளி எத்தனை பேரானாலும் ஆளுக்கு ஒன்று கிடைக்கும். சாப்பிட முடியாதவர்கள் வீட்டுக்குக் கொண்டு போகலாம். விருந்தாளி வீட்டில் இருக்கிற பிள்ளையையும் நினைத்துச் செய்த ஏற்பாடு அது.

நம்ம ஊர்லயும் இப்படி ஒரு பண்பு உண்டு. வந்த தட்டை வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். வேறு ஒன்றும் இல்லையென்றால் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது வைத்துத்தான் கொடுப்போம். ஒரு தெருவில் இருக்கிற குடும்பங்களைச் சேர்த்துக் கட்டுகிற கயிறு இந்தத் தட்டு. குழுக் கூட்டத்தில் எல்லா சாதி, எல்லா மதத்துப் பெண்களும் ஒரே பாயில் உட்காருகிறோமே, அதற்கு முன்னாடியே இந்தத் தட்டு அந்த வேலையைத் தொடங்கிவிட்டது.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனிங்க. மேலே சொன்ன வரலாற்றில் பெயரோடு வருகிறவர்கள் யார்? வாஸ்கோடகாமா, மாம்பள்ளி பாப்பு, மர்டாக் பிரவுன், ஆல்ஃபிரட் பேர்டு. எல்லோரும் ஆண்கள். அரிசி மாவையும் தேங்காய்ப் பாலையும் முதன்முதலில் அச்சில் முக்கிப் பார்த்த பெண்ணின் பெயர் எங்கேயும் இல்லை. கங்கைப் போட்டுக் கேக் சுட்ட பெண்ணின் பெயரும் இல்லை. கடைக்காரர் வேலை கணக்கில் ஏறியது. வீட்டுப் பெண்ணின் வேலை "சும்மா வீட்டுல செஞ்சது" என்று போய்விட்டது.

பெயர் போனதோடு நின்றால் பரவாயில்லை. கூலியும் அப்படியே போகிறது. இன்றைக்கும் பல இடங்களில் பெண்கள் பலகார ஆர்டர் எடுத்தால் மாவு, எண்ணெய், சீனி, கேஸ் விலையை மட்டும் கூட்டி, அதன்மேல் கொஞ்சம் வைத்து விலை சொல்கிறோம். மூன்று பேர் நாலு மணி நேரம் அடுப்படியில் உட்கார்ந்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 12 மணி நேர உழைப்பு. எட்டு மணி நேரம் ஒரு நாள் என்றால் ஒன்றரை நாள் கூலி. அந்த ஒன்றரை நாள் கூலி விலையில் இருக்கிறதா? இல்லையென்றால் நாம் விற்பது பலகாரம், இலவசமாகக் கொடுப்பது நம் உடம்பு.

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தமிழ்நாட்டின் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது பெண்கள் முதலில் கற்றது கணக்கு எழுதத்தான். சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று நோட்டில் ஏறின பிறகுதான் வங்கி நம்மைத் திரும்பிப் பார்த்தது. அதே பழக்கத்தை அடுப்படிக்கும் கொண்டு வருவோம்.

ஒவ்வொரு குழுவும் ஒரு பலகார நோட்டு போடலாம். பெரிய அம்மாக்களிடம் கேட்டு, படிக் கணக்கு, சேர்மானம், பக்குவம் எல்லாம் எழுதணும். யாரிடம் கற்றது என்று அவர் பெயரையும் எழுதணும். ஆர்டர் எடுக்கும்போது பொருள் செலவு, எரிபொருள், பொட்டலச் செலவு, கூலி என்று நாலு பத்தி போட்டுக் கணக்குப் பார்க்கணும். விற்பனைக்குச் செய்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வாங்கிக்கொள்ளணும்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நீட்டுகிற தட்டுக்கு விலை கிடையாது, அது அன்பு. கடைக்கும் ஆர்டருக்கும் போகிற தட்டுக்கு விலை உண்டு, அது உழைப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் இரண்டுமே நிலைக்கும். அடுத்த குழுக் கூட்டத்தில் பலகார நோட்டு பற்றித் தீர்மானம் போட்டு, வீட்டில் அச்சு வைத்திருக்கிற அக்காவை முதல் பக்கம் எழுதச் சொல்லுங்க.