பழைய வாள்: இரும்பு சொல்வதும் விற்பவர் சொல்வதும்

சில மாதங்களுக்கு முன் இலண்டனில் வாழும் பழைய நண்பர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஐந்து ஒளிப்படங்களை இணைத்திருந்தார். வளைந்த வாள் ஒன்று, பிடி முழுவதும் பொன் வேலைப்பாடு, அலகில் பாரசீக எழுத்து. "திப்பு சுல்தானின் தளபதி ஒருவருடையதாம். ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து வாங்க எண்ணுகிறேன். உமது அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டிருந்தார்.

நான் ஆயுத வல்லுநன் அல்லன். ஆனால், ஒரு கூற்றைச் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது என்பதைப் பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்பித்திருக்கிறது. அருங்காட்சியகங்களில் பார்த்ததையும் நூல்களில் படித்ததையும் தொகுத்து அவருக்கு எழுதிய பதிலின் விரிவே இக்கட்டுரை.

திப்புவின் பெயர் ஏன் இவ்வளவு விலைபோகிறது? 1799 மே 4ஆம் திகதி ஸ்ரீரங்கபட்டணம் வீழ்ந்தது. திப்பு போரிட்டு மடிந்தார். நகரமும் அரண்மனையும் சூறையாடப்பட்டன. ஆயுதங்களும் அணிகலன்களும் சிப்பாய் முதல் தளபதி வரை பலருடைய கைகளுக்குப் போய், பின்னர் பிரித்தானியாவுக்குக் கப்பலேறின. அவற்றுள் ஒன்றான திப்புவின் படுக்கையறை வாள் 2023 மே 23ஆம் திகதி இலண்டன் பொன்ஹாம்ஸ் ஏல நிறுவனத்தில் ஒரு கோடியே நாற்பது இலட்சம் பவுணுக்குச் சற்று மேலான தொகைக்கு விற்கப்பட்டது. தாக்குதலை முன்னின்று நடத்திய டேவிட் பெயர்டுக்கு அந்த வாள் படையினரால் அளிக்கப்பட்டது என்ற வரலாறு அதனுடன் சேர்ந்து வந்தது. விலையின் பெரும் பங்கு அந்த வரலாற்றுக்கே உரியது. இத்தகைய செய்தி ஒன்று வெளியானால், சந்தையிலுள்ள வாள்களெல்லாம் திப்புவின் வாள்களாகிவிடுவதில் வியப்பில்லை.

'உண்மையான வாளா?' என்ற கேள்விக்குள் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. வாள் பழையதா? அதன் பாகங்கள் ஒரே காலத்தவையா? சொல்லப்படும் மனிதருக்குத்தான் உரியதா? முதற் கேள்விக்கு 'ஆம்' என்ற விடை கிடைத்துவிட்டால் மூன்றாவதற்கும் கிடைத்துவிட்டதாக வாங்குபவர் எண்ணிக்கொள்கிறார். ஏமாற்று நுழைவது இந்த இடத்தில்தான்.

முதலில் உருக்கைப் பார்ப்போம். தென்னிந்தியாவில் மூசையில் இட்டு உருக்கிய எஃகு உலகப் புகழ் பெற்றது. ஆங்கிலேயர் அதனை 'வூட்ஸ்' என்றனர். கன்னட, தெலுங்குச் சொல்லான 'உக்கு' என்பதன் திரிபே அது என்பர். நமது 'உருக்கு' அதன் உறவினர். இலங்கைக்கும் இதில் பங்குண்டு. சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றின் விசையால் இயங்கிய பழைய இரும்பு உலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் ஆராய்ந்து 1996இல் வெளிப்படுத்தினார். மூசை எஃகில் ஏறத்தாழ ஒன்றரை வீதம் கரி கலந்திருக்கும். அதனால் உருவாகும் கடினமான துணிக்கைகள் வரிசை வரிசையாக அமைந்து, அலகின் மேல் நீரோட்டம் போன்ற வரிகளாகத் தோன்றும். இவ்வரிகள் நுண்மையானவை, ஒழுங்கற்றவை, உலோகத்தின் உள்ளேயும் தொடர்பவை. இரு வகை இரும்புகளை மடித்து அடித்துச் செய்யும் இன்றைய வாள்களில் வரிகள் அகன்றும், ஒரே கோலம் திரும்பத் திரும்ப வருவதாகவும் இருக்கும். அமிலத்தால் மேற்பரப்பில் மட்டும் வரைந்த கோலமோ மெருகிட்டால் மறைந்துபோகும்.

அடுத்தது பிடி. வட இந்தியத் தல்வார் வாளின் பிடி இரும்பால் ஆனது. அதன் உச்சியில் வட்டத் தட்டு ஒன்று இருக்கும். அலகின் வால்பகுதியைப் பிடிக்குள் செருகி அரக்கு, குங்கிலியம் போன்ற பிசினால் இறுக்குவர். பிசினைச் சூடாக்கினால் அலகைக் கழற்றி வேறு பிடியில் பொருத்தலாம். எனவே பதினேழாம் நூற்றாண்டு அலகு பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிடியில் இருப்பது மோசடி ஆகாது. ஐரோப்பிய அலகு பொருத்திய வாளுக்கு 'ஃபிரங்கி' என்றே பெயர் இருந்தது. நாகபுரியின் முதலாம் ரகுஜி போன்ஸ்லேயின் வாளை 2025 ஏப்ரலில் இலண்டன் ஏலத்தில் மகாராஷ்டிர அரசு 47 இலட்சம் இந்திய ரூபாவுக்கு மேல் கொடுத்து மீட்டது. அதுவும் ஐரோப்பிய அலகும் தேவநாகரி எழுத்தும் கொண்ட ஃபிரங்கியே. ஆனால், பழைய அலகுக்கு அண்மையில் செய்த பிடியைப் பொருத்திவிட்டு 'அன்று முதல் இப்படியே இருந்தது' என்று விற்பது மோசடி. பிடிக்குள் பசை புதியதாக ஒட்டப்பட்டிருப்பதும், அலகும் பிடியும் சேருமிடத்தில் இடைவெளி தெரிவதும் எச்சரிக்கைகள்.

மூன்றாவது, தேய்மானம். இரும்பின் மேல் நுண்ணிய குறுக்குக் கீறல்கள் இட்டு, அதன்மேல் பொன் தகட்டையோ கம்பியையோ தட்டிப் பதிக்கும் கலைக்குக் கோஃப்த்கரி என்று பெயர். உண்மையாகக் கையாளப்பட்ட வாளில் விரல் உரசும் இடங்களில் பொன் முதலில் தேயும். உருப்பெருக்கியால் பார்த்தால் அங்கே கீறல்கள் தெரியும். உதயபுரி போன்ற இடங்களில் இக்கலை இன்றும் வாழ்கிறது. அந்தக் கைவினைஞர்களைக் குறைகூற இடமில்லை. புதியதைப் பழையது என்று விற்பவர்தான் குற்றவாளி. துருவும் பேசும். காலம் தந்த துரு கருமையும் கபிலமுமாக, இடத்துக்கு இடம் வேறுபட்டிருக்கும். அமிலமும் உப்பும் தந்த துரு செம்மஞ்சளாக எங்கும் ஒரே மாதிரிப் பரவியிருக்கும். போர் வாளின் அலகு நுனியை நோக்கி மெலிந்து செல்லும். கையில் இலகுவாக நிற்கும். அலங்காரத்துக்கெனச் செய்தது தடித்துக் கனக்கும்.

நான்காவது, எழுத்து. இஸ்பகானின் அசதுல்லா என்ற புகழ்பெற்ற கொல்லரின் பெயரை ஏராளமான அலகுகளில் காணலாம். அவற்றுட் சில ஒருவரது வாழ்நாளுக்குள் அடங்காத காலங்களைச் சேர்ந்தவை. பெயர் அங்கே தரச்சின்னமாகிவிட்டது. திகதியையும் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். திப்பு 1787இல் புதிய ஆண்டுமுறையைக் கொண்டுவந்தார். அதில் இலக்கங்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டன. இதை அறியாத போலி எழுத்தாளர் தம்மைத் தாமே காட்டிக்கொடுப்பார்.

மூன்றாவது கேள்விக்கு இரும்பு விடை சொல்லாது. பற்றுச்சீட்டும் கடிதமும் பழைய பட்டியலுமே சொல்லவேண்டும். அவையும் தவறலாம். இலண்டன் விக்ரோறியா அல்பேட் அருங்காட்சியகத்தின் புலிநகம் 2024இல் மகாராஷ்டிரத்துக்கு இரவலாக அனுப்பப்பட்டது. 1659இல் அஃப்சல்கானைச் சிவாஜி கொன்ற ஆயுதம் அது என்பது மக்கள் நம்பிக்கை. அதனுடன் உள்ள பழைய பெட்டியின் வாசகமோ கொல்லப்பட்டவரை மொகலாயத் தளபதி என்கிறது. அஃப்சல்கான் பீஜப்பூர் தளபதி. சிவாஜி பயன்படுத்தியது இதுதானா என உறுதிசெய்ய இயலாது என்று அருங்காட்சியகமே நேர்மையாகக் கூறியது. கோடிக்கணக்கானோர் போற்றும் பொருளைப் பற்றி அவ்வளவு அடக்கமாகப் பேச முடியுமென்றால், ஒரு வணிகர் மட்டும் ஐயத்துக்கு இடமின்றிப் பேசுவது எப்படி?

பொருள் உண்மையானதாக இருந்தாலும் அது வந்த வழி தூயதாக இல்லாமல் இருக்கலாம். 1905இல் ஐதராபாத் நிசாமின் சேகரிப்பிலிருந்து களவாடப்பட்டதாகக் கருதப்படும் வாள் உட்பட ஏழு பொருட்களை இந்தியாவிடம் திருப்பி அளிக்க கிளாஸ்கோ அருங்காட்சியகங்கள் 2022இல் ஒப்பந்தம் செய்தன. நூறாண்டுக்கு மேற்பட்ட இத்தகைய பொருட்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதை இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. 'கடந்த ஆண்டு இந்தியாவிலிருந்து வந்தது' என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், வாள் போலி அல்லது கடத்தல் என்றே கொள்ளவேண்டும்.

நண்பருக்கு நான் எழுதியது இவ்வளவுதான். ஒளிப்படத்தில் பிடியின் பொன் உள்ளங்கை படும் இடத்திலும் புதுமெருகுடன் மின்னுவதைச் சுட்டிக்காட்டினேன். பத்திரங்களைக் கேட்கும்படியும், தொடர்பற்ற ஒருவரிடம் காட்டும்படியும் சொன்னேன். அவர் பத்திரங்களைக் கேட்டார். பத்திரம் வரவில்லை, இரண்டு நாளில் விலை பாதியாகக் குறைந்தது. நண்பர் வாங்கவில்லை.

பிறகு தொலைபேசியில் பேசியபோது அவர் கேட்டார்: "தளபதியின் பெயர் இல்லாமல், ஒரு சாதாரணப் போர்வீரனின் வாள் என்று உண்மையைச் சொல்லி விற்றிருந்தால் நான் வாங்கியிருப்பேனே?" நியாயமான கேள்வி. பெயர் தெரியாத வீரன் ஏந்திய, தேய்ந்த, பொன்னில்லாத வாளும் வரலாறுதான். அதன்மேல் ஒரு பெரிய பெயரை ஏற்றும்போது அந்த வீரனின் வரலாறும் அழிந்துபோகிறது.