நம்பிக்கையா, நடத்தையா? தரங்கம்பாடியில் எழுந்த கேள்வி

(வெம்பிளியிலிருந்து இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இதே வெம்பிளியில், பழைய விளையாட்டரங்கில், 1954 மே 22 அன்று ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். பந்தாட்டம் பார்க்க அல்ல. அமெரிக்கப் பிரசங்கியார் பில்லி கிரஹாம் லண்டனில் ஏறத்தாழ மூன்று மாதம் நடத்திய கூட்டங்களின் நிறைவு நாள் அது. அவர் வாழ்நாள் முழுவதும் பேசியதன் சாரம் ஒன்றுதான்: நல்லவனாக வாழ்வது மட்டும் போதாது, கிறிஸ்துவை விசுவாசித்தால்தான் இரட்சிப்பு.

இன்று இங்கே தாய் சிவன் கோயிலுக்கும் மகள் சபைக்கும் போகும் வீடுகளை நான் அறிவேன். அந்த மகளுக்கு இது வெறும் இறையியல் விவாதம் அல்ல. 'அம்மா யாருக்கும் தீங்கு நினைத்ததில்லை. அவருக்கு என்ன ஆகும்?' என்ற கவலை. தமிழில் இந்தக் கவலைக்கு முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு.

1706 ஜூலை 9 அன்று சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அனுப்பியவர் டென்மார்க் மன்னர். சீகன்பால்க் ஜெர்மானியர், லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். லூத்தர் 1517இல் கிளப்பிய சண்டையே பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்துத்தான். புண்ணியத்தைக் காசு கொடுத்தோ செயல் செய்தோ சம்பாதிக்க முடியாது, கடவுள் கருணையால் தருவதை விசுவாசத்தால் பெற்றுக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். பணம் இல்லாத ஏழைக்கு அது பெரிய விடுதலை என்பதை மறக்கக் கூடாது.

அந்தக் கொள்கையோடு வந்தவர் தமிழ் கற்றார், ஏடுகள் சேர்த்தார். இரண்டே ஆண்டுகளில், 1708இல், நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். கிறிஸ்துவை அறியாத மக்களிடம் இத்தனை ஒழுக்க அறிவா என்ற வியப்பு அவருக்கு இருந்தது. தமிழரைக் காட்டுமிராண்டிகள் என்று ஐரோப்பியர் நினைப்பது தவறு என்று எழுதினார். அந்த மொழிபெயர்ப்பு அவர் காலத்தில் அச்சேறவில்லை. டச்சு அறிஞர் காலந்து 1930இல்தான் அதைப் பதிப்பித்தார். 1713இல் சீகன்பால்க் எழுதிய தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய நூலுக்கும் இதே கதி. அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது ஹாலே நகரத் தலைவர் பிராங்கேயின் நிலை. அந்த நூல் 1867இல் சென்னையில் வெளிவந்தது.

அடுத்து அவர் செய்தது இன்னும் துணிச்சலானது. தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பிப் பதில் வாங்கினார். 1712 முதல் 1714 வரை வந்த அந்தக் கடிதங்கள் ஹாலேயில் ஜெர்மன் மொழியில் அச்சாயின. பெரும்பகுதியை எழுதியவர் மிஷனின் முன்னாள் மொழிபெயர்ப்பாளர் அழகப்பன் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கிறிஸ்தவர்களை ஏன் மதிப்பதில்லை என்பதற்குப் பதில் நேராக வருகிறது: குடிக்கிறார்கள், பசுவைக் கொன்று தின்கிறார்கள், சுத்தம் பேணுவதில்லை. அவர்கள் நம்பிக்கையை எடைபோடவில்லை, நடத்தையைத்தான் எடைபோட்டார்கள். சீகன்பால்க்குக்கு இது புதிதல்ல. அவரையே நான்கு மாதம் சிறையில் போட்டவர் கோட்டையின் கிறிஸ்தவத் தளபதிதான். இந்தக் கடிதங்களில் ஒரு பகுதி 1717இல் இதே லண்டனில் ஆங்கிலத்திலும் வெளியானது.

சீகன்பால்க் தன் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. அறிவின் ஒளியால் ஒழுக்கம் வரலாம், இரட்சிப்பு வராது என்றே கடைசிவரை நம்பினார். 1719இல் 36 வயதில் இறந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வி தமிழ்க் கிறிஸ்தவர்களின் கைக்கே வந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், முன்சீப். 1859இல் அவர் வெளியிட்டது நீதிநூல். எந்த மதத்தவரும் படிக்கக்கூடிய ஒழுக்க நூல் அது. மறுபுறம் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. நெல்லை வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். பனியனின் கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் எழுதினார். அதன் மையம் கருணை.

கிருஷ்ண பிள்ளைக்கு அது அந்நியச் சரக்காக இருந்திருக்காது என்பது என் எண்ணம். தென்கலையாரும் வடகலையாரும் நூற்றாண்டுகளாக இதைத்தானே வாதிட்டார்கள்? பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் இறைவனே நம்மைத் தூக்கிச் செல்கிறான் என்பது ஒரு கட்சி. குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல் நம் முயற்சியும் வேண்டும் என்பது மறு கட்சி. சரணாகதி என்ற சொல் அவர் வீட்டிலேயே இருந்தது.

சண்டை தொடங்கிய ஐரோப்பாவிலேயே 1999 அக்டோபர் 31 அன்று, ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். கருணையே முதல், நற்செயல் அதன் கனி என்பது அதன் சுருக்கம்.

அந்த அறிக்கை மகளின் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அது விசுவாசிகளுக்கு இடையிலான உடன்பாடு. நான் போதகர் அல்ல, தீர்ப்பும் சொல்லமாட்டேன். ஆனால் வரலாற்று மாணவனாக ஒன்று சொல்லலாம். புண்ணியத்தை விலைபேசுவோரைத் தடுக்க எழுந்த கொள்கை அது. இன்னொருவரின் தாயை எடைபோட அதை எடுத்தால், அது பிறந்த காரணத்துக்கே எதிராகப் போகிறது. கருணைக்கு விலை இல்லை என்று நம்புகிறவர், அந்தக் கருணைக்கு எல்லை குறிக்கும் உரிமையும் தமக்கு இல்லை என்று ஒப்புக்கொள்ளலாம். மகள் தாயை இன்றும் கோயில் வாசல்வரை கூட்டிப்போகலாம். தாய் மகளின் ஜெபத்துக்கு அமைதியாக உட்கார்ந்திருக்கலாம்.

 இனி உங்கள் கேள்விகள்.