கொச்சித் துறையின் சுங்கம்

கடல் கடந்த கடையொன்றிலிருந்து இணைய வழியாக ஒரு பொருளை வரவழைக்கிறோம். விலையைச் செலுத்தியாயிற்று, அஞ்சற்கூலியையும் செலுத்தியாயிற்று. சில நாள் கழித்துப் பார்சல் வீட்டு வாயிலுக்கு வருகிறது. கூடவே ஒரு சீட்டும் வருகிறது. இன்ன தொகை சுங்கத் தீர்வை, அதைக் கட்டினால்தான் பார்சல் கைக்கு வரும் என்கிறது அச்சீட்டு. பொருளின் விலைக்கு மட்டுமன்றி, அது வந்து சேர்ந்த கூலிக்கும் காப்புறுதிக்கும் சேர்த்தே தீர்வை கணக்கிடப்படுகிறது என்பதை அறியும்போது நமக்கு வியப்பும் சற்றே சினமும் உண்டாகின்றன. அச்சினத்தைத் தபால்காரரிடம் காட்டிப் பயனில்லை. அவர் வாங்கிச் செல்லும் பணம் எங்கே போகிறது, அதில் யாருக்கெல்லாம் பங்கு என்று கேட்பதே தகும். இக்கேள்விக்கு விடை பகரும் வரலாறு கொச்சி மட்டாஞ்சேரியில் நிறைய உண்டு. பிழைப்பின் பொருட்டு அங்கே குடியேறிய நம்மவர் நாள்தோறும் நடக்கும் தெருக்களின் வரலாறுதான் அது.

சுங்கம் என்பது வெள்ளையர் கொணர்ந்த வழக்கம் என்று எண்ணுவோர் உளர். அது பிழை. அரசனுக்கு உரிய பொருள்களை எண்ணுமிடத்தில் வள்ளுவர் உல்கு பொருளையும் சேர்த்தே எண்ணினார். உல்கு என்பது சுங்கத்தின் பழம்பெயர். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பண்டங்களின்மீது சோழரின் புலி இலச்சினை இடப்பட்ட காட்சியைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகிறது. முதற் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த' என்னும் அடைமொழியால் புகழப்பட்டான் என்றால், அச்சுங்கம் மக்களுக்கு எத்துணைப் பாரமாக இருந்திருக்க வேண்டும்!

அந்த உல்கு என்ற சொல் மட்டாஞ்சேரியிலும் பொறித்துக் கிடக்கிறது. யூதத் தெருவின் கோடியில், 1568-இல் எழுப்பப்பட்ட பரதேசி யூதர் ஆலயத்திற்குரிய செப்பேடுகளில் அதைக் காணலாம். ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிறிக்கோட்டில் இருந்தபோது, ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு அளித்த உரிமைகள் அவற்றில் வட்டெழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. பகல் விளக்கு, நடக்கும் வழியில் விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, பறை, தோரணம் என்று 72 உரிமைகள். உல்கும் துலாக்கூலியும் அவருக்கு விடப்பட்டன. துலாக்கூலியாவது பண்டத்தை நிறுப்பதற்குக் கொடுக்கும் கூலி. குடையும் பல்லக்கும் பெருமைக்கு உரியவை. உல்கு நீக்கமோ தொழிலுக்கு உரியது. செப்பேட்டைக் கையில் வாங்கிய வணிகர் எந்த வரியை முதலில் தேடியிருப்பார் என்று ஊகிப்பது கடினமன்று.

பிற்காலத்துச் சிக்கல் வேறு வகையானது. 1663-இல் கொச்சிக் கோட்டையைப் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைப்பற்றினர். 1795-இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன்பின் கோட்டைக் கொச்சி சென்னை மாகாணத்து மலையாள ஜில்லாவைச் சேர்ந்த ஊர். அதை ஒட்டிய மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவின் நாடு. காலை உலாவப் புறப்பட்டவர் களைப்படைவதற்குள் ஓர் அரசிலிருந்து மற்றோர் அரசுக்குள் புகுந்துவிடலாம். சற்றுத் தெற்கே சென்றால் திருவிதாங்கூர். ஒரே உப்பங்கழி, ஒரே மிளகு, ஒரே கொப்பரை, எல்லைகளோ மூன்று. ஓரிடத்தில் தீர்வை கொடுத்த சரக்கு அடுத்த எல்லையில் மீண்டும் அயற்சரக்காகிவிடும்.

இத்தொல்லையை நீக்கவே 1865-இல் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகிய மூன்றும் துறைமுகங்களுக்கிடையிலான உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. மூன்றிடத்துத் தீர்வை விகிதங்களும் ஒன்றாக்கப்பட்டன. உப்பு, புகையிலை, அபின் போன்ற சில பண்டங்கள் நீங்கலாக, உள்எல்லைச் சுங்கங்கள் ஒழிந்தன. அதனால் சமஸ்தானங்களுக்கு நேர்ந்த வருவாய் நட்டத்திற்கு ஈடு கொடுக்கவும் ஏற்பாடாயிற்று. ஒரு நாடு ஒரு சந்தையாவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்திற்கு முன்பே இக்கரையில் ஒத்திகை நடந்ததென்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் துறைமுகம் வளர வளரப் பங்குக் கணக்கும் வளர்ந்தது. முன்பு பெருங்கப்பல்கள் முகத்துவாரத்து மணற்திட்டைக் கடக்க இயலாமல் வெளிக்கடலில் நின்றன. தோணிகளே சரக்கைக் கரை சேர்த்தன. 1920-இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் அத்திட்டை வெட்டி வழி திறந்தார். 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகம் புகுந்தது. தோண்டிய மண்ணைக் கொண்டு மட்டாஞ்சேரிக்கும் எறணாகுளத்திற்கும் நடுவே விலிங்டன் தீவை எழுப்பினர். அத்தீவின் ஒரு பக்கத்துக் கப்பல் மேடைக்கு இன்றும் மட்டாஞ்சேரி வார்ஃப் என்றே பெயர். பழைய அங்காடிக்கு எஞ்சிய மரியாதை போலும்.

இத்தனை செலவு செய்தபின் வரும் சுங்கம் யாருக்கு? 1925-இன் உடன்பாடு அதை இந்திய அரசு, திருவிதாங்கூர், கொச்சி என மூன்று சம பங்காக வகுத்தது. துறைமுகம் இருப்பது கொச்சியில். ஆயினும் திருவிதாங்கூரின் விளைபொருளும் அதே நீர்வழியில்தான் வந்து கப்பலேறியது. 1935 முதல் 1941 வரை கொச்சியின் திவானாக இருந்து இத்துறைமுகத்தின் வளர்ச்சிக்குப் பாடுபட்டவர் நம் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1936-இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டதும் அவர் காலத்தில்தான். சமஸ்தானத்தின் வருவாய்ப் பங்கைக் காத்த அவரே 1947 நவம்பர் 26 அன்று சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தைப் படித்தார். 1950 ஏப்ரல் 1 முதல் சமஸ்தானங்களின் நிதி இந்திய நிதியோடு இணைந்தது. சுங்கம் முழுவதும் ஒன்றிய அரசுக்கே உரியதாயிற்று.

பங்குக் கணக்கு அத்துடன் முடிந்ததா? இல்லை. 2017 ஜூலை 1 முதல் இறக்குமதிப் பொருளுக்குச் சுங்கத் தீர்வையுடன் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரியும் சேர்கிறது. தீர்வை ஒன்றியத்திற்கு, ஒருங்கிணைந்த வரியிலோ பொருளை நுகரும் மாநிலத்திற்கும் ஒரு பங்கு உண்டு. மட்டாஞ்சேரியில் வாழும் தமிழர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து பொருள் ஒன்றை வரவழைத்து அவ்வரியைச் செலுத்தினால், அதில் ஒரு பகுதி கேரளத்தையே சேரும்; அவர் பிறந்த ஊர் எதுவென்று சட்டம் கேட்பதில்லை.

விலக்குகளும் மறைந்துவிடவில்லை. அன்பளிப்பு என்று சீட்டு ஒட்டி வாங்கிய பொருள்களைத் தீர்வையின்றிக் கொணர்வது பெருகவே, 2019 டிசம்பரில் அரசு அவ்வழியை அடைத்தது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் இடம் விட்டது. கயிற்றோடு சேர்த்து அனுப்பும் பரிசுப் பொருளுக்கு அவ்விலக்கு இல்லை.