ஃபோக்ஸ்வாகன் டைப் 2 கேம்பர் வேன்: துருப்பிடித்த தகடுகளை மாற்றுதல்

பழைய ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனைப் புதுப்பிக்கும் வேலையில் பெரும்பகுதி, துரு தின்ற தகடுகளை வெட்டி எடுத்துவிட்டு அதே வடிவில் புதுத் தகடுகளைப் பற்றவைப்பதாகும். இவ்வண்டியின் உற்பத்தி 1950 மார்ச்சில் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் ஆலையில் தொடங்கி, 1956இல் ஹனோவருக்கு மாறியது. முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருக்கும் முதல் தலைமுறை அங்கே 1967 வரையிலும், வளைந்த ஒற்றைக் கண்ணாடி கொண்ட இரண்டாம் தலைமுறை 1979 வரையிலும் தயாராயின. பிரேசிலில் இரண்டாம் தலைமுறை 2013 வரை நீடித்தது. ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா, இங்கிலாந்தின் டெவன், டான்பரி போன்ற நிறுவனங்கள் இந்த வேன்களில் படுக்கை, அடுப்பு, அலமாரி பொருத்திக் கேம்பர்களாக மாற்றின.

லாரியைப் போலத் தனிச் சேசிஸின் மேல் கூண்டு ஏற்றிய வண்டி அல்ல இது. நீளவாக்கில் ஓடும் இரண்டு சட்டங்கள், குறுக்குச் சட்டங்கள், தளம், பக்கச் சுவர்கள், கூரை எல்லாம் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு ஒரே உடலாக நிற்கின்றன. கதவுகளுக்கு அடியில் ஓடும் ‘சில்’ என்ற பெட்டிச் சட்டம் இதில் முக்கியமானது. பல அடுக்குத் தகடுகளால் ஆன அது, பக்கச் சுவரையும் தளத்தையும் இணைத்து வண்டி நடுவில் தொய்யாமல் தாங்குகிறது. ஆகவே துருப்பிடித்த இடத்தில் வண்டியின் அழகோடு அதன் வலுவும் குறைகிறது.

துரு பெரும்பாலும் உள்ளிருந்தே வெளியே வரும். ஸ்பாட் வெல்டிங்கால் சேர்ந்த இரு தகடுகளுக்கு இடையில் நீர் ஊடுருவித் தங்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் தகடுகளைப் பிளந்து விரிக்கிறது. முன் சக்கரங்கள் ஓட்டுநர் இருக்கைக்கு நேர் கீழே இருப்பதால், அவை வாரியிறைக்கும் சேறும், ஐரோப்பியக் குளிர்காலச் சாலைகளின் உப்பும் சக்கர வளைவுகளிலும் ஏறும் படிகளிலும் அப்பிக்கொள்கின்றன. காய்ந்து வெடித்த கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் மழைநீர் முன்முகத் தகட்டின் அடியில் தேங்குகிறது. பின்னால் இன்ஜின் அறையிலுள்ள பேட்டரித் தட்டை, கசியும் அமிலம் அரிக்கிறது. கேம்பர்களுக்கு மட்டுமே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. சமையல் ஆவியும் உறங்குவோரின் மூச்சும் குளிர்ந்த தகட்டில் நீராகப் படிய, பிளைவுட் பலகைக்குப் பின்னால் உள்ள பஞ்சு அந்த ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்துவைக்கிறது.

இதனால் பெயின்ட்டில் சிறு கொப்புளம் தெரியும் இடத்தில், உள்தகடு முன்பே மறைந்திருக்கக்கூடும். பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது அல்லது தளர்வாகவே ஒட்டும். சட்டங்களையும் சில்லையும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பார்ப்பதே நம்பகமான சோதனை. துளையின் மேல் பட்டியோ ஃபைபர் கிளாஸோ அப்புவது பழுதை ஒளித்துவைப்பதே தவிர, சரிசெய்வது அல்ல.

வெல்டிங் தொடங்குமுன் பேட்டரி, பெட்ரோல் டேங்க், வயரிங், உட்புற மரவேலை அனைத்தையும் கழற்றியாக வேண்டும். அடுத்து வண்டியை மட்டம் பார்த்து நிறுத்தி, கதவு வாயில்களின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைக்கிறார்கள். இந்த முட்டுக்கொடுப்பைத் தவிர்த்து சில்லை வெட்டினால் உடல் தொய்யும். புதுச் சில்லைப் பற்றவைத்தபின் அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும், கதவுகள் சரியாக மூடாது. பக்கக் கதவுக்காக அகன்ற வாயில் திறந்துள்ள பக்கத்தில் இந்த அபாயம் கூடுதல். இரு பக்கச் சில்களையும் ஒரே நேரத்தில் வெட்டாமல், ஒரு பக்கம் முடிந்த பின்னரே மறுபக்கத்தில் கை வைப்பது பாதுகாப்பான முறை.

வேலை உள்ளிருந்து வெளியே நகர வேண்டும்: முதலில் சட்டங்களும் ஜாக்கி வைக்கும் இடங்களும், பிறகு உள் சில், தளம், சக்கர வளைவுகள், இறுதியில் கண்ணுக்குத் தெரியும் வெளித்தகடுகள். வெளித்தகட்டின் பளபளப்பில் அவசரம் காட்டியவர்கள் அதையே மீண்டும் வெட்ட நேர்கிறது.

பழைய வெல்டிங் புள்ளிகளைத் துளையிட்டுத் தகட்டைப் பிரித்தால், அடியிலுள்ள நல்ல தகடு சேதமாகாது. மற்ற இடங்களில் மெல்லிய கட்டிங் வீல் போதும். வெட்டு, பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை செல்ல வேண்டும். ஆனால் நல்ல இரும்பை வீணாக வெட்டக் கூடாது. சந்தையில் கிடைக்கும் மறுதயாரிப்புத் தகடுகள் தடிமனிலும் வளைவிலும் வேறுபடுவதால், வறண்ட கலிஃபோர்னியா வண்டிகளிலிருந்து வெட்டியெடுத்த அசல் துண்டுகளைப் பலர் விரும்புகிறார்கள். எதுவானாலும் கதவை மாட்டி, இடைவெளி பார்த்து, கிளாம்ப் போட்டபின்தான் பற்றவைக்க வேண்டும்.

ஆலை ஸ்பாட் வெல்டிங் செய்த ஓரங்களில், புதுத் தகட்டில் 6 முதல் 8 மில்லிமீட்டர் துளைகள் இட்டு அவற்றை மிக் வெல்டிங்கால் நிரப்புவது வழக்கம். அகன்ற தட்டையான பக்கச் சுவரில் தொடர்ந்து பற்றவைத்தால் சூட்டில் தகடு நெளியும். எனவே இடைவெளி விட்டுப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, வேறிடத்தில் அடுத்த புள்ளி வைக்கப்படுகிறது. இணைப்பு மடிப்புக் கோட்டை ஒட்டி அமைந்தால் நெளிவு குறையும். பிரிட்டனின் எம்.ஓ.டி. என்ற வாகனத் தகுதிப் பரிசோதனை விதிகளின்படி ஸ்டீயரிங், பிரேக், சஸ்பென்ஷன், சீட் பெல்ட் ஆகியவை பொருந்தும் இடங்களைச் சுற்றி 30 செ.மீ.க்குள் கடும் துரு இருக்கக் கூடாது.

பற்றவைத்தபின் தெரியும் இணைப்புகளைத் தேய்த்து, எபாக்சி பிரைமர் அடித்து, மடிப்புகளில் சீலர் பூசுகிறார்கள். மூடிய பெட்டிச் சட்டங்களின் உட்புறத்தில் எந்தப் பெயின்ட் துப்பாக்கியும் எட்டாது. அங்கே நீண்ட குழாய் முனை வழியாக மெழுகு பீய்ச்சப்படுகிறது. சூட்டில் உருகி எரியும் என்பதால் எல்லா வெல்டிங்கும் பெயின்ட்டும் முடிந்த பின்னரே இது செய்யப்படும். சட்டங்களின் அடியிலும் கதவுகளின் கீழ் விளிம்பிலும் உள்ள வடிகால் துளைகள் மெழுகாலோ சீலராலோ அடைபட்டிருந்தால், கம்பி விட்டுத் திறந்துவிடப்படுகின்றன.