சேகரித்தவர், இடம்

விருதுநகரை ஒட்டிய சூலக்கரையிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி என்று தெற்கே இறங்கினால் வழி நெடுகக் கரிசல்தான். தீப்பெட்டியும் பட்டாசும் இந்த வட்டாரத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது 1920களுக்குப் பிறகு. அதற்கு முன்பே இந்த மண் இன்னொரு வேலையைத் தொடங்கிவிட்டது: பாட்டைத் தேடித் தொகுத்து எழுதிவைக்கும் வேலை. கோவில்பட்டிக்குக் கிழக்கே இருக்கும் எட்டயபுரத்தில் 1904இல் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சேறியது. அடுத்த ஊரான விளாத்திகுளத்தின் பாட்டுகள் 1964இல் நா. வானமாமலை பதிப்பித்த ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ நூலில் இடம்பெற்றன. ஒன்று அரண்மனைச் சங்கீதம், மற்றது களையெடுப்பவள் பாட்டு. இரண்டையும் யாரும் ஒரே மூச்சில் பேசுவதில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. பாட்டைத் தருவதோடு நில்லாமல், அது யார் யார் கைவழியாக வந்தது என்பதையும் இரண்டு நூல்களும் சொல்கின்றன. முகவுரையில் நன்றி சொல்லும் சம்பிரதாயமாகவே இதை நாம் படித்துப் பழகிவிட்டோம். அது சம்பிரதாயம் அல்ல. அந்த நூல்களைச் சான்று என்று நம்புவதற்கு ஆதாரமே அதுதான் என்பது என் வாதம்.

எட்டயபுரத்து நூலைத் தீட்சிதர் ஒருவரின் சாதனையாகச் சொல்வது வழக்கம். உண்மையில் அது மூன்று பேர் வேலை. சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றிய ஏ.எம். சின்னசாமி முதலியார், கர்நாடக இசையை மேற்கத்தியக் கோட்டுக் குறிமுறையில் எழுதிவைக்க முனைந்த கிறிஸ்தவர். 1890களின் தொடக்கத்தில் அப்படி ஒரு வெளியீட்டையும் கொண்டுவந்தார். முத்துசாமி தீட்சிதரின் கிருதிகளைத் தேடியவருக்கு, அந்தப் பரம்பரையின் சொத்து முழுவதும் சுப்பராம தீட்சிதரின் நினைவிலும் சுவடியிலும் இருப்பது தெரியவந்தது. குடும்பச் சொத்தை வெளியே கொடுக்கத் தயங்கிய மனிதரை இணங்கவைத்தவர் அவர்தான். எட்டயபுரம் அரசரிடம் விண்ணப்பித்து அச்சுக்கு ஆதரவு பெற்றதிலும் அவர் பங்கு இருந்தது. அந்த முயற்சியில் கைப்பணமும் கண்பார்வையும் போயின. நூல் வெளிவந்ததைப் பார்க்காமலே இறந்தார். அரசர் அச்சுக்கூடம் கொடுத்தார். சுர அசைவுகளான கமகங்களைக் காட்டத் தனிக்குறிகள் வகுக்கப்பட்டன. தெலுங்கு எழுத்தில் இரண்டு பெரிய பாகங்களாக நூல் வந்தது. பரம்பரையை அறிந்தவர் ஒருவர், எழுதும் முறையை அறிந்தவர் ஒருவர், பணம் கொடுத்தவர் ஒருவர். இவர்களில் யார் இல்லாவிட்டாலும் நூல் இல்லை. சுப்பராம தீட்சிதர் இதை மறைக்கவில்லை. அது மட்டுமல்ல, பழைய இசை நூலாசிரியர் சாரங்கதேவர் தொடங்கித் தம் காலம் வரை எழுபதுக்கும் மேற்பட்டோரின் வாழ்க்கைக் குறிப்புகளை ‘வாக்கேயகார சரிதம்’ என்று நூலிலேயே சேர்த்தார். பாடத்தை நீட்டுமுன் பாடம் வந்த வழியை அறிமுகம் செய்கிறார் என்றுதான் அதைப் படிக்க வேண்டும்.

அறுபது ஆண்டு கழித்து அரசர் இல்லை, அச்சுக்கூடம் கொடுக்க ஜமீனும் இல்லை. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டிருந்த நா. வானமாமலையிடம் இருந்தது ஆட்கள்தான். விளாத்திகுளம் பக்கம் தங்கம்மாள்புரத்து எஸ்.எஸ். போத்தையா, சிவகிரி எஸ்.எம். கார்க்கி, தூத்துக்குடியை அடுத்த மீளவிட்டானிலிருந்து ராஜவேலு, சேலம் மாவட்டத்தில் வாழப்பாடி சந்திரன், பின்னாளில் ‘தாகம்’ நாவலால் அறியப்பட்ட கு. சின்னப்ப பாரதி. இவர்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்லர். தத்தம் வட்டாரத்தில் வேர் உள்ளவர்கள். அந்த ஊர்ப் பேச்சைப் பேசுகிறவர்கள். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வெளியிட்ட அந்த நூலைப் புரட்டினால் பாட்டுக்குப் பாட்டு அடியில் சிறு எழுத்தில் சில வரிகள் இருக்கும்: வட்டார வழக்குச் சொற்களுக்குப் பொருள், சேகரித்தவர், இடம். சில இடங்களில் ‘உதவியவர்’ என்று பாடிக்காட்டியவரின் பெயரும் உண்டு. இன்றைய தரவு அறிவியல் ‘தரவைப் பற்றிய தரவு’ என்று பெரிய பெயர் சூட்டியிருப்பது இந்த வரிகளைத்தான்.

இந்த வரிகள் எவ்வளவு முக்கியம் என்பது, இவை இல்லாத தொகுப்புகளை எடுத்துப் பார்த்தால் தெரியும். 1871இல் சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப்பாடல்கள் என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். திருக்குறளும் சிவவாக்கியரும்கூட அதில் ‘நாட்டுப்பாடல்’ ஆகிவிட்டன! தென்னாட்டு மக்களின் ஒழுக்க மேன்மையை நிறுவுவது அவர் நோக்கம். அதற்கு உதவுவதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டார். பெர்சி மாக்வீன் என்ற வெள்ளை அதிகாரி தொகுத்துவைத்த பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் செப்பனிட்டு 1958இல் தஞ்சை சரசுவதி மகால் வழியாக ‘மலையருவி’ என்று தந்தார். அருமையான நூல். ஆனால் அதிகாரி கேட்டால் ஜனங்கள் எதைப் பாடுவார்கள், எதை விழுங்குவார்கள் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு அதைப் படிக்க முடியாது. ஒப்பாரியை எடுத்துக்கொள்வோம். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடப் பெண்கள் எளிதில் இசைய மாட்டார்கள், அபசகுனம் என்பார்கள். அயலான் கேட்டால் பாட்டு வராது. ஊர்க்காரர், உறவுமுறை சொல்லி அழைக்கக்கூடியவர் கேட்டால் வரலாம். பெண் கேட்டால் இன்னும் கூடுதலாக வரலாம். ஆகவே சேகரிப்பவர் மாறினால் சேகரமும் மாறும். ஒரு குழுவில் புதிதாக ஒருவர் சேருகிறார் என்றால் வேலையைப் பகிர ஒரு கை கூடியது என்பது மட்டும் இல்லை. அதுவரை திறக்காத வீடுகள் சில திறக்கின்றன. அவர் யார், எந்த ஊர் என்று சொல்லாமல் விட்டால் அந்த வீடுகள் ஏன் திறந்தன என்பதும் தெரியாமல் போகும்.

நாட்டுப்பாட்டுக்கு ஆசிரியரே கிடையாது, அது ஊருக்குப் பொது. அதன் கீழே தனி மனிதர் பெயரைப் பொறிப்பது பொதுக்கிணற்றில் பெயர்ப்பலகை மாட்டுவது போல என்று ஒரு மறுப்பு உண்டு. பாதி நியாயம். பாட்டு ஊருக்குப் பொதுதான். ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில் ஒருத்தி பாடி ஒருவர் எழுதிய வடிவம் ஊருக்குப் பொது அல்ல. அதே தாலாட்டு அடுத்த ஊரில் வேறு மாமன் சீரோடு வரும். பெயர் உரிமை கொண்டாடுவதற்காக அல்ல, பொறுப்பு ஏற்பதற்காக. உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. சேகரித்தவர் பெயர் விடாமல் வருகிறது. பாடியவர் பெயர் சில இடங்களில்தான் வருகிறது. பாடியவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் என்பதை நினைத்தால் இந்த ஏற்றத்தாழ்வை அச்சுப்பிழை மாதிரி கடந்துபோக முடியாது.

இன்னொரு மறுப்பு அரசியல். வானமாமலை கம்யூனிஸ்ட், உடன் உழைத்தவர்களிலும் இடதுசாரிகள் உண்டு. தங்களுக்கு உவப்பான உழைப்பாளர் பாட்டுகளைத்தானே பொறுக்கியிருப்பார்கள்? பொறுக்கியிருக்கலாம். எந்தத் தொகுப்பாளர்தான் பொறுக்கவில்லை? வேறுபாடு என்னவென்றால், இங்கே பொறுக்கியவர் முகம் தெரிகிறது. சின்னப்ப பாரதி விவசாயிகள் இயக்கத்தில் இருந்தவர் என்று தெரிந்தே அவர் கொணர்ந்த பாட்டைப் படிக்கிறோம். எங்கே தராசு சாய்ந்திருக்கும் என்று கணிக்க முடிகிறது. பக்கச்சார்பு இல்லாத தொகுப்பு என்று ஒன்று இல்லை; சார்பை மறைத்த தொகுப்பும் மறைக்காத தொகுப்பும்தான் உண்டு. 1967இல் வானமாமலை நெல்லை ஆய்வுக்குழுவைத் தொடங்கினார். 1969இல் ‘ஆராய்ச்சி’ இதழைக் கொண்டுவந்தார். தனியாளின் கண்ணோட்டத்தைக் கூடியிருந்து சோதிக்கும் பழக்கம் அதில் வளர்ந்தது.

மிகக் கடினமான மறுப்பு இசைக்காரர்களுடையது. மெட்டு எங்கே? 1964 நூலில் சொல் இருக்கிறது, சுரம் இல்லை. நாற்று நடும்போது குரல் எங்கே ஏறியது, எங்கே நின்றது என்பதை அந்தப் பக்கங்களிலிருந்து யாராலும் மீட்க முடியாது. இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. கமகத்தின் நுண்ணிய அசைவுக்கும் குறி வகுத்த எட்டயபுரத்துக்குப் பக்கத்திலேயே விளாத்திகுளத்துப் பாட்டு மெட்டு இல்லாமல் அச்சானது, எந்த இசை எழுதத் தகுந்தது என்று நம் சமூகம் போட்ட கணக்கைக் காட்டுகிறது. மெட்டைக் குறிக்கத் தெரிந்த ஒருவர் அந்தக் குழுவில் சேர்ந்திருந்தால் கதை வேறு. அண்மைய எடுத்துக்காட்டு ஒன்று: 2011இல் பார்சிலோனாவின் பொம்பேயு பாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தொடங்கிய ‘காம்ப்மியூசிக்’ என்ற கணினிவழி இசை ஆய்வுத் திட்டம் கர்நாடக இசையையும் எடுத்துக்கொண்டது. சென்னை ஐஐடி அதில் பங்கேற்றது. அங்கே கணினி அறிஞர்கள் மட்டும் போதவில்லை. ஆதார சுருதி எது, தாளத்தின் சமம் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொடுக்க இசை கற்றவர்கள் வேண்டியிருந்தது. சின்னசாமி முதலியாருக்குத் தீட்சிதர் தேவைப்பட்டது போலத்தான்.

‘இடம்: விளாத்திகுளம் வட்டாரம், நெல்லை மாவட்டம்’ என்கிற மாதிரியான குறிப்புகள் இப்போது பழசாகிவிட்டன. 1985இல் ராமநாதபுரத்திலிருந்து விருதுநகர் மாவட்டம் பிரிந்தது. 1986இல் விளாத்திகுளம் தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போனது. ஊர்ப்பெயர் எழுதியிருந்ததால்தான் இன்று அந்தப் பாட்டைச் சரியான மண்ணில் வைக்க முடிகிறது. சூலக்கரையிலும் சாத்தூரிலும் சிவகாசிச் சுற்றுக் கிராமங்களிலும் கும்மியையும் ஒப்பாரியையும் கைப்பேசியில் பிடித்துவைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கோப்புக்குப் பெயரிடும்போது பாடியவர் பெயர் (அவர் சம்மதித்தால்), ஊர், தேதி, பதிந்தவர் என்று நாலு வரி சேர்த்து எழுதிவிடுங்கள். பாடியவர் பெயரை முதலில் எழுதுங்கள்.